ஷியாமெனில் பிள்ளைகளோடு குடியேறுவது: காரும் ஓட்டுநரும் இல்லாமல் முடியுமா?

18 ஆகஸ்ட் 2024

வாசகி ஒருவரின் கேள்வி: என் கணவருக்கு அடுத்த ஆண்டு சீனாவின் தென்கிழக்குக் கரையிலுள்ள ஷியாமெனில் வேலை உறுதியாகியிருக்கிறது. ஏழு வயதில் ஒரு மகனும் மூன்று வயதில் ஒரு மகளும் இருக்கிறார்கள். நானும் என் கணவரும் சைவ உணவுக்காரர்கள். சீன நகரத்தில் வெளிநாட்டார் குடியிருப்பில் வீடு, ஒரு கார், ஓட்டுநர் ஆகிய மூன்றும் இல்லாவிட்டால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வெளியே தலை காட்ட முடியாது என்று அவருடைய அலுவலகத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே குடும்பமாக இருப்பவர்கள் உண்மையைச் சொல்ல வேண்டும்.

18 ஆகஸ்ட் 2024, இரவு

நாங்கள் நால்வரும் 2023 ஜூன் மாதம் இங்கே வந்தோம். மகளுக்கு அப்போது எட்டு வயது, மகனுக்கு நான்கு. எங்களிடம் கார் இல்லை, ஓட்டுநரும் இல்லை, வெளிநாட்டார் குடியிருப்பிலும் நாங்கள் இல்லை. காய்கறிச் சந்தையிலிருந்து ஐந்து நிமிட நடையில் உள்ள பழைய கட்டடம் ஒன்றின் ஆறாவது மாடியில் இருக்கிறோம். எனவே உங்கள் கணவரின் அலுவலகத்தார் சொல்வதை நான் முழுமையாக மறுக்கிறேன்.

பன்னாட்டு ஓட்டுநர் உரிமத்தைச் சீனா ஏற்பதில்லை. கையில் இந்திய உரிமம் இருந்தாலும் இங்கே எழுத்துத் தேர்வு எழுதி, நூறு மதிப்பெண்ணுக்குத் தொண்ணூறு வாங்கிச் சீன உரிமம் பெற வேண்டும். காருக்கு ஓட்டுநரை நம்பியிருக்க வேண்டி வருவது இதனால்தான். ஓட்டுநரை நம்பியிருக்கும் குடும்பங்களில் வீட்டிலிருக்கும் பெண்ணும் பிள்ளைகளும் வாரத்துக்கு ஒரு முறைதான் வெளியே போகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பேருந்துகள் அடிக்கடி வருகின்றன. 2008 முதல் தூண்கள் மேல் ஓடும் விரைவுப் பேருந்துத் தடம் இருக்கிறது. 2017 டிசம்பர் 31 முதல் மெட்ரோவும் ஓடுகிறது. மெட்ரோவின் அந்த முதல் தடம், ஊரின் மையமான ஷியாமென் தீவை விட்டு எதிர்க்கரையிலுள்ள ஜிமெய் பக்கம் போகும்போது தரைக்கு மேலே வந்து கடலின் நடுவே ஓடும். என் மகன் முதல் மூன்று மாதங்கள் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வேறு எதையும் கேட்டதில்லை. அந்தத் தடத்தில் போய்த் திரும்பினால் அவனுக்குப் போதும். நாங்களும் பதினோரு முறை போனோம்.

வெளிநாட்டில் குடியேறும் குடும்பங்கள் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு வாரம் ஓர் இடம் என்று ஓடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரே இடத்துக்குப் பத்து முறை போன பிறகுதான் அங்கே இருப்பவர்கள் பிள்ளைகளை அடையாளம் கண்டுகொள்கிறார்கள். அடையாளம் கண்டு ஒருவர் கூப்பிட்ட அந்த நாளில்தான் எங்கள் பிள்ளைகளுக்கு இது தங்கள் ஊராயிற்று.

20 ஆகஸ்ட் 2024

சைவ உணவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காய்கறிக்குக் குறைவே இல்லை. பாகற்காய், வெண்டைக்காய், காராமணிக்காய், வெண்பூசணி, மெழுகுபீர்க்கங்காய், சேப்பங்கிழங்கு, தண்டுக்கீரை ஆகிய எல்லாம் நம் ஊர்க் காய்களின் உறவினர்போலச் சந்தையில் அடுக்கியிருக்கும். துவரம்பருப்பும் உளுந்தும் கறிவேப்பிலையும் சந்தையில் கிடைக்கா. பருப்புகளை இணைய அங்காடி வழியாக வரவழைக்கிறோம். கறிவேப்பிலைக்கு ஒரு செடியைத் தொட்டியில் வளர்க்கிறோம்.

சந்தையில் எடையின் அலகு ஜின். ஒரு ஜின் என்பது 500 கிராம். எழுதியிருக்கும் விலையைக் கிலோ விலை என்று எண்ணி முதல் மாதம் முழுவதும் நான் மனக்கணக்கில் தவறினேன். பாதி அளவே வாங்கிக்கொண்டு வந்து, நால்வருக்குக் காய் போதாமல் மறுபடியும் ஆறு மாடி இறங்கினேன்.

வெளியே சாப்பிடும்போது எச்சரிக்கை வேண்டும். 'வோ ச்சி சூ', அதாவது 'நான் சைவம்' என்று சொன்னால் இறைச்சித் துண்டுகளை எடுத்துவிடுவார்கள். ஆனால் கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருக்கலாம், சாற்றில் உலர்ந்த இறால் போட்டிருக்கலாம், சிப்பிச் சாறு ஊற்றியிருக்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்க வேண்டும். நான்பூத்துவோ கோயிலின் சைவ உணவகத்தில் மட்டும் எதையும் கேட்காமல் சாப்பிடலாம். அங்கே பௌத்தத் துறவிகளின் முறைப்படி சமைப்பதால் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை.

21 ஆகஸ்ட் 2024

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். விடுதியில் தங்காத எந்த வெளிநாட்டவரும் வந்து 24 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் தங்குமிடத்தைப் பதிவுசெய்ய வேண்டும். இந்தியாவிலிருந்து பெற்றோர் வந்தாலும் இது பொருந்தும். வீட்டு உரிமையாளரின் ஒப்பந்தமும் கடவுச்சீட்டின் நகல்களும் கையில் இருக்கட்டும். கைபேசியில் பணம் செலுத்தும் செயலிகள் இரண்டும், அலிபேயும் வீச்சாட்டும், 2023 முதல் வெளிநாட்டு அட்டைகளை ஏற்கின்றன. 200 யுவானுக்கு உட்பட்ட தொகைக்குக் கட்டணம் இல்லை. சந்தைக் கிழவிகூடக் கீரைக் கட்டுக்கு மேல் சதுரக் குறியீட்டு அட்டையைத்தான் தொங்கவிட்டிருக்கிறார். புறப்படும் முன்பே இரண்டையும் அமைத்துக்கொள்ளுங்கள்.

1 செப்டம்பர் 2024

இன்று இங்கே பள்ளி ஆண்டு தொடங்குகிறது. காலையில் பிள்ளைகளின் பைகளைப் பார்த்தபோது, சென்ற ஆண்டு இதே நாள் நினைவுக்கு வந்தது. அதை எழுதாமல் இந்த ஊரைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது.

பிள்ளைகள் மொழியை மூன்றே மாதத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் எங்களிடம் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். மகளைச் சீன மொழி வழிப் பள்ளியிலேயே சேர்த்தோம். அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். பள்ளியில் மட்டுமில்லை, வீட்டிலும் தமிழில் ஒரு சொல், இரு சொல்லோடு முடித்துக்கொண்டாள். ஊரில் அடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாய் ஓயாமல் கதை பேசிய பிள்ளை அவள். நான்கு மாதங்கள் அப்படிப் போயின. அவளுடைய வகுப்பாசிரியர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் நோட்டில் ஒரு சிறிய படத்தை வரைந்து அனுப்புவார். ஒரு வாரம் நாரை, மறு வாரம் படகு. அதற்கு அவளும் படத்தால் பதில் அனுப்புவாள். அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஜனவரி மாதம் ஒரு நாள் மின்தூக்கியில் கீழ்வீட்டுச் சிறுமியிடம் அவள் சீனத்தில் பேசினாள். அதுவே முதல் முறை.

உங்கள் மகனுக்கு ஏழு வயது. அவன் பேசாமலிருந்தால் அவசரப்படுத்தாதீர்கள். சந்தைக்கும் பூங்காவுக்கும் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருங்கள்.

19 செப்டம்பர் 2024

நேற்று முன்தினம் நடு இலையுதிர்காலத் திருநாள். இந்த ஊரில் அதற்குத் தனி விளையாட்டு உண்டு. பீங்கான் கிண்ணத்தில் ஆறு பகடைகளை உருட்ட வேண்டும். ஒன்றும் நான்கும் சிவப்பில் இருக்கும், அவற்றில் நான்குதான் அதிர்ஷ்ட எண். பரிசுகள் மொத்தம் 63. பழைய அரசுத் தேர்வுகளின் பட்டங்களே பரிசுகளின் பெயர்கள். ஒரு நான்கு விழுந்தால் மிகச் சிறிய பட்டம், அதற்கு 32 பரிசுகள். இரண்டு நான்குகளுக்கு 16. நான்கு அல்லாத ஏதேனும் ஓர் எண் நான்கு பகடையிலும் விழுந்தால் அதற்கு 8. மூன்று நான்குகளுக்கு 4. ஒன்று முதல் ஆறு வரை வரிசையாக விழுந்தால் அதற்கு 2. நான்கு நான்குகள் விழுந்தவர் 'சுவாங்யுவான்', நாடளாவிய தேர்வில் முதலிடம் பெற்றவர். அது ஒன்றுதான். முன்னாளில் பரிசு முழுவதும் நிலாப் பணியாரமாக இருந்ததாம். இப்போது பற்பசை, துண்டு, சமையல் எண்ணெய், அரிசிப் பை என்று வீட்டுக்கு வேண்டியவற்றை வைக்கிறார்கள். எங்கள் மாடியின் மூன்று வீடுகளும் சேர்ந்து எங்கள் கூடத்தில் உருட்டினோம். ஐந்து வயது மகன் சுவாங்யுவான் ஆனான். அவனுக்குக் கிடைத்த ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்க முடியாமல் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். பகடை பீங்கானில் மோதும் ஒலி அந்த வாரம் முழுவதும் தெருவெங்கும், உணவகங்களிலும் அலுவலகங்களிலும் கேட்டுக்கொண்டே இருந்தது. தாயம் உருட்டி வளர்ந்த நமக்கு அந்த ஒலி புதிதே இல்லை.

மேலே செப்டம்பர் 1 அன்று எழுதியதில் ஒரு திருத்தம். அதை நேற்றிரவு மகள் படித்தாள். தான் முதலில் சீனத்தில் பேசியது ஜனவரியில் மின்தூக்கியில் இல்லையாம். அதற்கு முன்பே, நவம்பரில், அப்பாவோடு சந்தைக்குப் போனபோது பழக்கடைக்காரரிடம், 'பம்பளிமாஸ் ஒரு ஜின் என்ன விலை?' என்று கேட்டாளாம். அவர் விலையைச் சொல்லிவிட்டு, உரித்த சுளை ஒன்றைக் கையில் வைத்தாராம். என் கணவரைக் கேட்டேன். ஆமாம், மறந்துவிட்டேன் என்கிறார். பத்து மாதமாக அதை எனக்குச் சொல்லவில்லை. அவள் வாய் திறந்த அந்தக் கணத்தில் நான் உடன் இல்லை என்பதை நேற்றிரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த இடம் சந்தையாக இருந்ததில் மனநிறைவு.

6 அக்டோபர் 2024

ஷியாமெனுக்கு எதிரே உள்ள சிறிய குலாங்யூ தீவைப் பற்றி இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். நிச்சயம் போக வேண்டிய இடம், ஆனால் தேசிய விடுமுறையான அக்டோபர் முதல் வாரத்தில் அங்கே கால் வைக்கக் கூடாது. நாங்கள் நேற்று வைத்தோம். சந்துகளில் நெரிசல் மிகுந்து, மகனை என் கணவர் மூன்று மணி நேரம் தோளிலேயே வைத்திருந்தார்.

அதே தீவு மார்ச் மாதத்து வார நாள் காலையில் வேறோர் உலகம். சுற்றுலாப் படகுக்குப் போக வர 35 யுவான், கடவுச்சீட்டு எண்ணைக் கொடுத்து முன்கூட்டியே வாங்க வேண்டும், பயணம் சுமார் 20 நிமிடம். இரண்டு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இந்தத் தீவில் காரும் இல்லை, மிதிவண்டியும் இல்லை. சாமான்களைக் கைவண்டிகளில்தான் இழுத்துச் செல்கிறார்கள். பிள்ளைகளின் கையை விட்டுவிட்டு நடக்கக்கூடிய ஊர் எத்தனை இருக்கின்றன? 1903 முதல் பல நாட்டவர் சேர்ந்து நிர்வகித்த பன்னாட்டுக் குடியேற்றமாக இருந்ததால், ஆலமர விழுதுகளுக்கு நடுவே ஐரோப்பியப் பாணி மாளிகைகள் நிற்கின்றன. அக்காலக் காவல் படையில் சீக்கியர்களும் இருந்தார்கள். 2017இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. பியானோ அருங்காட்சியகம் சூச்சுவாங் தோட்டத்துக்குள் இருக்கிறது. அதைவிட, மகன் அங்கே கடற்கரைப் பாறைகளில் நண்டு தேடிய இரண்டு மணி நேரம்தான் எனக்கு நினைவில் இருக்கிறது.

3 நவம்பர் 2024

தீபாவளியன்று மகனுக்கு 39 டிகிரி காய்ச்சல். மருத்துவமனை நடைமுறையைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் கடவுச்சீட்டு எண்ணைக் கொடுத்துப் பதிவுச்சீட்டு வாங்க வேண்டும். பிறகு மருத்துவர், பிறகு சோதனைக்குப் பணம் கட்டுதல், பிறகு சோதனை, பிறகு மீண்டும் அதே மருத்துவர். ஒவ்வொரு கட்டத்திலும் பணம் முன்னால். குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே விரல் நுனியில் ஊசி குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்துவிடுகிறார்கள், அரை மணியில் முடிவு கைபேசிக்கு வந்துவிடுகிறது. மகனின் பெயரைப் பதிவில் ஓர் எழுத்து மாற்றிவிட்டார்கள். அதைச் சரிசெய்ய இரவில் ஒன்றரை மணி நேரம் மூன்று சாளரங்களுக்கு அலைந்தேன். அந்த அலைச்சலில் குழந்தையை மடியில் வைத்திருந்தவர் எங்களோடு வந்த எதிர்வீட்டு ஆயி. 'ஆயி' என்பது இங்கே தாய் வயதுப் பெண்களை அழைக்கும் சொல். நம் ஊரிலும் ஆயி என்றால் தாய்தானே.

ஓட்டுநர் இருந்திருந்தால் மருத்துவமனைக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போயிருப்போம் என்பது உண்மை. ஆகஸ்டில் 'முழுமையாக மறுக்கிறேன்' என்று எழுதியதில் 'முழுமையாக' என்ற சொல்லை எடுத்துவிடுகிறேன்.

12 ஜனவரி 2025

என் மாமியார் டிசம்பரில் வந்தார், பொங்கல் முடிந்து பிப்ரவரியில் ஊர் திரும்புவார். எழுபத்தொரு வயது, தமிழ் மட்டுமே தெரியும். எதிர்வீட்டு ஆயியின் தாய்க்கு எழுபத்தெட்டு வயது, இந்தக் கரையின் வட்டார மொழியான மின்னான் மட்டுமே பேசுவார். இருவரும் தினமும் மாலை கீழே மரத்தடியில் ஒரே இருக்கையில் அமர்ந்திருக்கிறார்கள். மின்னானில் பாட்டியை 'ஆமா' என்று அழைக்கிறார்கள். எதிர்வீட்டுக் குழந்தை தன் பாட்டியை, 'ஆமா! ஆமா!' என்று கூப்பிடும்போதெல்லாம் என் மாமியார், நம்மை ஏதோ கேட்டுவிட்டுத் தானே ஒப்புக்கொள்கிறது என்று நினைத்து, 'ஆமாம்மா, ஆமாம்' என்று தலையசைக்கிறார். இப்போது அந்தக் குழந்தை அவரையும் ஆமா என்றே கூப்பிடுகிறது.

அந்தப் பாட்டியின் வீட்டில் தேநீருக்கு முடிவே இல்லை. விரல்நுனி அளவுக் கிண்ணத்தில் ஊற்றுவார்கள், குடித்ததும் நிரப்புவார்கள். நன்றி சொல்ல மேசையை இரண்டு விரல்களால் தட்ட வேண்டும். இலைக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'தே'. வடசீனத்தில் 'ச்சா' என்பார்கள், இந்தக் கரையில்தான் தே. இந்தத் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிய சொல் ஐரோப்பியர் வாய்வழி நம்மிடம் வந்து தேயிலை, தேநீர் என்று ஆயிற்று. இதை மாமியாரிடம் சொன்னபோது அவர், 'நாம் சொல்வது சரியென்று இவர்களுக்கும் தெரிந்திருக்கிறதே' என்றார்.

சென்ற வாரம் அவரைப் பக்கத்துப் பழைய துறைமுக நகரமான சுவான்சோவுக்கு அழைத்துச் சென்றோம். அதிவேக ரயிலில் சுமார் அரை மணி நேரம். ரயிலில் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம், பதினான்குக்கு உட்பட்டவர்களுக்குப் பாதிக் கட்டணம். 2023 முதல் உயரத்தை அளக்காமல் வயதைத்தான் பார்க்கிறார்கள். கி.பி. 686இல் நிறுவப்பட்ட கையுவான் பௌத்தக் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. இடிந்துபோன சைவ, வைணவக் கோயிலொன்றின் தூண்கள் என்று கருதப்படுபவை அவை. அந்தத் தூணில் நரசிம்மரைக் கண்டதும் மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். ஊதுவத்தி ஏந்தி வந்த சீன மூதாட்டி ஒருவரும் அவரருகே நின்று அதே தூணை வணங்கினார். அந்த ஊரில் கிடைத்த 1281ஆம் ஆண்டுக் கல்வெட்டில் சம்பந்தப் பெருமாள் என்பவர் சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் நலம் வேண்டித் திருக்கதலீசுவரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்த செய்தி தமிழிலேயே இருக்கிறது. மகள் அதன் படத்தைப் பார்த்து, 'அப்போது இங்கே தமிழ்ப் பள்ளி இருந்திருக்குமா?' என்று கேட்டாள். அக்காலத்தில் இங்கே வந்த தமிழ் வணிகர்களோடு பிள்ளைகளும் வந்திருந்தார்களா என்பதை நான் அதுவரை நினைத்ததே இல்லை.

23 மார்ச் 2025

வரும் முன் இந்த ஊரின் ஈரத்தைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். மார்ச், ஏப்ரலில் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று திரும்பும்போது, குளிர்ந்திருக்கும் சுவரும் தரையும் வியர்த்துச் சொட்டும். 'ஹுய்நான்தியன்' என்று அதற்குப் பெயரே இருக்கிறது. காற்று வரட்டும் என்று சாளரத்தைத் திறந்துவைப்பது நம் வழக்கம். இங்கே அந்த நாட்களில் அதைச் செய்தால் வீடு நனைந்துவிடும். சாளரங்களை மூடி, ஈரம் உறிஞ்சும் கருவியை ஓடவிட வேண்டும். முதல் ஆண்டில் நான் திறந்துவைத்தேன். அப்பளக் கட்டுகளும் மிளகாய்த்தூளும் மகளின் துணிப் பொம்மைகளும் பூஞ்சை பிடித்துப் போயின. குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்காது. அடுப்பை அணைத்த பின் பெரிய சட்டியில் வெந்நீர் வைத்து, அதன் மேல் மாவுப் பாத்திரத்தை வைத்துப் போர்த்துகிறேன்.

2 ஜூன் 2025

ஜிமெயில் படகுப் போட்டி பார்த்தோம். வெயில் தாங்க முடியவில்லை. காலை எட்டு மணிக்கே போய் ஆலமர நிழலில் இடம் பிடியுங்கள். அந்த ஊரில் பிறந்து சிங்கப்பூரில் ரப்பரால் பொருளீட்டிய டான் கா கீ என்பவர்தான் 1921இல் ஷியாமென் பல்கலைக்கழகத்தை நிறுவினார். அதை நடத்த வணிகம் நொடித்தபோதும் தம் சொத்துக்களை விற்றார். ஜிமெயில் அவருடைய கல்லறை இருக்கும் ஆமைத் தோட்டத்தில் புடைப்புச் சிற்பங்களைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் ஒரு மணி நேரம் நின்றார்கள்.

பூக்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. இந்த ஊரின் அடையாள மரம் செம்மயிற்கொன்றை, அடையாளப் பூ காகிதப்பூ. இரண்டும் நம் தெருவில் பூப்பவை. இப்போது செம்மயிற்கொன்றை சிவந்து கிடக்கிறது.

27 ஜூலை 2025

புயலைப் பற்றி: 2023 ஜூலை 28 அன்று டோக்சுரி புயல் பக்கத்தில் ஜின்ஜியாங்கில் கரையேறியது. நாங்கள் வந்து ஆறு வாரம் ஆகியிருக்கவில்லை. முந்தின மாலை எதிர்வீட்டு ஆயி கதவைத் தட்டி, சாளரங்களில் ஒட்ட நாடாவும் நான்கு பாட்டில் தண்ணீரும் கொடுத்து, குளியல் தொட்டியை நிரப்பும்படி கையால் காட்டிவிட்டுப் போனார். அதுவரை அவரோடு நாங்கள் ஒரு சொல்லும் பேசியதில்லை. 2016இல் மெராண்டி புயல் இதே ஊரைத் தாக்கியபோது மரங்கள் விழுந்து, மின்சாரமும் நீரும் நின்றுபோனதைக் கண்டவர் அவர். வெளிநாட்டார் குடியிருப்பில் இருந்திருந்தால் மேலாளர் ஒரு செய்தி அனுப்பியிருப்பார், அதுவும் போதுமானதாகவே இருந்திருக்கும். ஆனால் அந்தக் கதவு தட்டப்பட்டிருக்காது.

8 அக்டோபர் 2025

நீங்கள் வந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. நேற்று முன்தினம் எங்கள் கூடத்தில் உங்கள் மகனும் பகடை உருட்டினான். ஒரு சொல்லும் பேசவில்லை, ஆனால் நான்கு விழுந்தபோதெல்லாம் எதிர்வீட்டுக் குழந்தையின் தோளைத் தட்டினான். உங்களுக்குக் கவலையாக இருப்பது தெரிந்தது. அவனிடம் எதுவும் கேட்காதீர்கள்.

காரை இந்த மாதக் கடைசியில் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டீர்கள். உங்கள் மகளுக்கு நான்கு வயதுதான், காய்ச்சல் வரும் பருவம், எனவே குளிர்காலம் முடியும்வரை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சந்தைக்கு அதில் வர வேண்டாம். விடுமுறை இன்றோடு முடிகிறது, கூட்டம் குறைந்துவிடும். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பேருந்தில் வந்து, சந்தையின் தெற்கு வாசலில் இறங்குங்கள். பம்பளிமாஸ் வந்துவிட்டது. ஒரு துணிப்பையும் குடையும் எடுத்து வாருங்கள், விலையை உங்கள் மகன் முன்னிலையில் என் மகள் கேட்பாள்.